யாருடைய கரை? ரயில்வேக் கடற்கரைச் சுவரொட்டிகளும் சென்னைக் கடற்கரை – தாம்பரம் இருப்புப்பாதையும்

ஆய்வுச் சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரித்தானிய ரயில்வே நிறுவனங்கள் வெளியிட்ட கடற்கரை விடுமுறைச் சுவரொட்டிகள் இன்று கலைப்பொருள்களாகவும் பழமை நினைவுப் பொருள்களாகவும் போற்றப்படுகின்றன. அவை கரையை எவ்வாறு காட்டின, காட்டும்பொழுது எவற்றை நீக்கின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அச்சுவரொட்டிகள் தோன்றிய காலத்திலேயே மின்மயமான சென்னைக் கடற்கரை – தாம்பரம் புறநகர்ப் பாதையும், தமிழ் இலக்கியம் காட்டும் கடலாடல் மரபும் ஒப்பீட்டுக்குக் கொள்ளப்பெறுகின்றன. சுவரொட்டி வளர்த்த ‘ஆளற்ற கரை’ என்னும் நோக்கு காகிதத்தோடு நின்றுவிடவில்லை. சென்னைக் கடற்கரையை அழகுபடுத்தும் திட்டங்களிலும் அது செயற்படுகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்

ரயில்வேச் சுவரொட்டி, கடற்கரை விடுமுறை, தாம்பரம், நெய்தல், கடலாடல், மெரினா, மீனவர்.

முன்னுரை

சுவரொட்டி குறுகிய ஆயுள் கொண்ட வடிவம். ஒட்டப்பட்ட சில வாரங்களில் கிழிக்கப்படுவது அல்லது மற்றொன்றால் மறைக்கப்படுவது அதன் இயல்பு. ரயில்வே நிறுவனங்கள் கடற்கரை விடுமுறைக்காக வெளியிட்ட சுவரொட்டிகள் இவ்விதிக்கு விலக்காயின. இங்கிலாந்தின் யார்க் நகரிலுள்ள தேசிய ரயில்வே அருங்காட்சியகம் அவற்றைப் பெருந்தொகுப்பாகப் பேணிவருகிறது. அவற்றின் மறுபதிப்புகள் வீட்டுச் சுவர்களை அலங்கரிக்கின்றன. ஆனால் இச்சுவரொட்டிகளைப் பற்றிய எழுத்துகளிற் பெரும்பாலானவை வண்ணம், கோடு, எழுத்துரு ஆகியவற்றின் அழகையே பேசுகின்றன. விற்கப்பட்ட பொருள் எது, அப்பொருள் அதற்கு முன் யாரிடம் இருந்தது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன.

இவ்வினாக்களைத் தமிழகத்திலிருந்து எழுப்புவதற்குத் தனிக் காரணம் உண்டு. ‘கடற்கரை’ என்னும் பெயரையே ஒரு முனையாகக் கொண்ட புறநகர் இருப்புப்பாதை சென்னையில் இருக்கிறது. அதன் மறுமுனை தாம்பரம். பெயரளவில் இதைவிட நேரடியான கடற்கரை விளம்பரம் இருக்க இயலாது. அப்பெயர் எதைத் தந்தது, எதைத் தரவில்லை என்று நோக்கினால் சுவரொட்டிகளின் இயல்பும் தெளிவாகும்.

குறை சிறப்பாதல்: ஸ்கெக்னெஸ் மீனவர்

கடற்கரைச் சுவரொட்டிகளுள் மிகப் புகழ்பெற்றது 1908இல் கிரேட் நார்தர்ன் ரயில்வே வெளியிட்ட ஸ்கெக்னெஸ் சுவரொட்டி. ஓவியர் ஜான் ஹாசல். நிறுவனம் அவருக்கு அளித்த தொகை 12 கினி. நீண்ட காலணியும் கழுத்துத் துணியும் அணிந்த பருத்த மீனவர் ஒருவர் கைகளை விரித்து, ஈரமணலில் துள்ளிக் குதித்துச் செல்கிறார். அவ்வூர் உடலுக்கு எத்துணை ஊக்கமளிக்கிறது என்னும் பொருள்பட ஒரே தொடர் அதில் இடம்பெறுகிறது. இலண்டனிலிருந்து மூன்று ஷில்லிங் கட்டணத்தில் சென்று வரும் சிறப்பு ரயிலுக்காக அது உருவாக்கப்பட்டது.

ஸ்கெக்னெஸ் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் வடகடலை நோக்கி அமைந்த ஊர். அங்கு வீசும் காற்று குளிர்மிக்கது. பயணி தயங்குதற்குரிய அக்குறையை உடல்நலத்திற்குரிய சிறப்பாக அத்தொடர் மாற்றிவிடுகிறது. கடல்நீரும் கடற்காற்றும் மருந்தாகும் என்னும் கருத்து இங்கிலாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பிரைட்டன் கரையோடு தொடர்புடைய ரிச்சர்ட் ரஸ்ஸல் போன்ற மருத்துவர்களால் பரவியது. மேட்டுக்குடியினரின் அம்மருந்தை ரயில் கட்டண வீதத்தில் உழைப்பாளருக்கு வழங்கியதே ரயில்வே நிறுவனங்களின் வணிகத் திறம்.

இச்சுவரொட்டி குறித்து மேலும் இரு செய்திகள் நோக்கத்தக்கன. முதலாவது, ஓவியத்தைத் தீட்டியபொழுது ஹாசல் ஸ்கெக்னெஸைக் கண்டதில்லை. 1936இல்தான் அவ்வூருக்குச் சென்றார். காணாத கரையின் ஓவியம் அக்கரையின் நிலையான அடையாளமாயிற்று எனின், சுவரொட்டிக்கு இடத்தின் உண்மை இன்றியமையாததன்று என்பது பெறப்படும். இரண்டாவது, ஓவியத்தில் உள்ளவர் மீனவர். ஆனால் அவர் கையில் வலை இல்லை; அருகில் படகோ மீனோ இல்லை. கரையில் தொழில் செய்தவரின் உடை தங்கியிருக்க, தொழில் நீங்கிவிட்டது. உழைப்பவர் மகிழ்ச்சியின் சின்னமாக மாற்றப்பட்டார். கரையின் உரிமையாளர் விருந்தினரை மகிழ்விக்கும் வேடிக்கையாளராகும் முதற்படியை இங்குக் காண்கிறோம்.

1931: இரு கரைகள்

பிரித்தானிய ரயில்வே நிறுவனங்கள் 1923இல் நான்கு பெருநிறுவனங்களாக இணைக்கப்பட்டன. அவற்றுள் இலண்டன் – வடகிழக்கு ரயில்வே சுவரொட்டிக் கலையை உச்சத்திற்குக் கொண்டுசென்றது. அதன் ஓவியருள் தலையாயவர் டாம் பர்விஸ். 1931இல் அவர் கிழக்குக் கரையின் மகிழ்ச்சிகளைப் பற்றி ஆறு சுவரொட்டிகள் வரைந்தார். நடைப்பயணம், வெயிற்குளியல், குழந்தைகளின் பாதுகாப்பு முதலியன அவற்றின் பொருள்கள். ஒவ்வொன்றும் தனித்து நிற்கும். ஆறையும் வரிசையாக ஒட்டினால் ஒரே நீண்ட கரையாக விரியும். நிழல், நுணுக்கம், முகக்குறிப்பு ஆகியவற்றைத் தவிர்த்துத் தட்டையான வண்ணப் பரப்புகளால் உருவங்களை அமைப்பது பர்விஸின் உத்தி.

இவ்வுத்தி கலைநோக்கில் உயர்ந்தது. தொலைவிலிருந்து விரைந்து செல்பவரும் ஒரு பார்வையில் பொருளை உணர்வர். விளம்பர நோக்கில் அதன் பயன் வேறொன்று. முகமற்ற உருவத்தில் காண்பவர் தம் முகத்தைப் பொருத்திக்கொள்ளலாம். கரை முழுவதும் விடுமுறையாளர்க்கே உரியதாகிறது. ஹாசலின் ஓவியத்தில் வேடிக்கையாளராகவேனும் எஞ்சியிருந்த மீனவருக்குரிய மைய இடம் இங்கு இல்லை.

அதே 1931இல், மே மாதம் 11ஆம் நாள், தென்னிந்திய ரயில்வே சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்ரயில் சேவையைத் தொடங்கியது. ஏறத்தாழ 29 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதையே இந்தியாவில் மின்மயமான முதல் மீட்டர் பாதை. பர்விஸ் கரையை ஆறு துண்டுகளாகத் தொடுத்த ஆண்டிலேயே, சென்னையில் கடற்கரை என்னும் பெயர் கால அட்டவணையில் நாள்தோறும் பலமுறை இடம்பெறலாயிற்று. இவ்விரண்டையும் ஒப்பிட்டால் வேறுபாடு உடனே புலப்படும்.

கடற்கரை முதல் சானடோரியம் வரை

முதல் வேறுபாடு பயணத்தின் திசை. ஆங்கிலச் சுவரொட்டி உழைப்பிடத்திலிருந்து கடலை நோக்கி மக்களை அழைத்தது. தாம்பரம் பாதையில் காலை ரயில் கடற்கரையை நோக்கி உழைப்பிற்காகச் சென்றது. கடற்கரை நிலையத்தின் முன்னுள்ள இராஜாஜி சாலை ஒருகாலத்தில் முதற் கடற்கரைச் சாலை எனப்பட்டது. வங்கிகளும் வணிக நிறுவனங்களும் தலைமை அஞ்சலகமும் துறைமுக அலுவலகமும் அச்சாலையில் அமைந்தன. புறநகரில் குடியிருந்த எழுத்தருக்குக் ‘கடற்கரை’ என்பது அலுவலகத்தின் பெயர். ஓய்வின் பெயர் அன்று.

இரண்டாவது வேறுபாடு, அந்நிலையத்தில் கடற்கரை இல்லை என்பது. 1870களின் நடுப்பகுதியில் தொடங்கிய செயற்கைத் துறைமுகப் பணி கரையின் போக்கை மாற்றியது. வங்கக்கடலின் கரையோர மணல் ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகச் சுவர்கள் அதைத் தடுத்ததால் தெற்கில் மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கில் இராயபுரம் முதலான பகுதிகளில் கரை அரிக்கப்பட்டது. ஒரு காலத்தில் அலைகள் அணுகிய சாலைக்கும் கடலுக்கும் இடையே துறைமுக வளாகம் எழுந்தது. கடல் விலகிய பின்னரும் பெயர் தங்கியது. காணாத கரையை ஹாசல் வரைந்தது போலவே, இல்லாத கரையை இந்நிலையப் பெயர்ப்பலகை அறிவிக்கிறது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு: ஹாசலின் படைப்பு கற்பனை, இப்பெயர்ப்பலகை ஒரு நினைவுச்சின்னம்.

மூன்றாவது வேறுபாடு நலம் பற்றியது. இப்பாதையில் தாம்பரத்திற்கு முந்தைய நிலையம் தாம்பரம் சானடோரியம். காசநோய் மருத்துவத்திற்காக மருத்துவர் டேவிட் சௌரிமுத்து 1928இல் பச்சைமலைப் பகுதியில் நிறுவிய நலவாழ்வு மனையால் அமைந்த பெயர் இது. அவர் இதற்கு முன் இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுப் பகுதியில் இத்தகைய மனையை நடத்தியவர். கணிதமேதை இராமானுஜன் 1917இல் அங்குச் சிகிச்சை பெற்றார். திறந்தவெளிக் காற்றே மருந்து என்னும் ஐரோப்பியக் கோட்பாடு இவ்வாறு தாம்பரத்தை அடைந்தது. இங்கிலாந்தின் ரயில்வே நலத்தைக் கடற்கரையில் விற்றது. சென்னையின் ரயில் பாதையில் நலத்தின் பெயர் கடலிலிருந்து விலகிய குன்றடியில் பொறிக்கப்பட்டது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியும் உயர்நீதிமன்றத்தை அடுத்த நகர்ப்பகுதியிலிருந்து 1937இல் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது. நலமும் கல்வியும் அகநிலத்தை நோக்கி நகர்ந்தன என்பது இப்பாதையின் வரலாற்றில் தெளிவு.

ஆகவே தாம்பரத்தில் குடியேறிய நடுத்தர வர்க்கத்திற்குக் கடற்கரை அன்றாடப் பாதையின் ஈற்றிலிருந்தும் அன்றாட அனுபவத்திற்கு அப்பாற்பட்டதாயிற்று. தாம்பரத்திற்கு நேர்கிழக்கே கடல் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. இடையே சேலையூர், மேடவாக்கம், பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், பக்கிங்காம் கால்வாய் ஆகியன உள்ளன, இருப்புப்பாதை இல்லை. பாதை கரைக்கு ஏறக்குறைய இணையாக ஓடி, வடக்கே துறைமுகத்தருகில் கடலை அணுகுகிறது. விடுமுறை நாளில் மெரினாவுக்குச் செல்லும் தாம்பரக் குடும்பம் கடற்கரை நிலையத்தை நம்பிச் சென்றால் கடலைக் காணாது. 1995இல் சேப்பாக்கம் வரை தொடங்கிய பறக்கும் ரயில்தான் ரயில்வழியே மெரினாவை அணுகும் வாய்ப்பை அளித்தது.

வழிபாட்டுக் கடலும் விளம்பரக் கடலும்

இந்திய ரயில்வேயும் சுவரொட்டிகளை வெளியிட்டது. 1920களின் பிற்பகுதியிலும் 1930களிலும் இந்தியாவைக் காண அழைக்கும் வரிசை ஆங்கிலத்தில் உருவாயிற்று. பெனாரசின் படித்துறைகள், டில்லி, ஆக்ராவின் நினைவுச் சின்னங்கள், மலை வாழிடங்கள், கோயில்கள் ஆகியன அவற்றின் விருப்பப் பொருள்கள். கடற்கரை ஓய்வு அவற்றுள் தலைமை பெறவில்லை. பூரியில் விடுதி நடத்திய வங்காள – நாகபுரி ரயில்வே போன்ற விதிவிலக்குகள் உண்டு. வெயில் குறைந்த நாட்டில் கடற்கரைச் சூரியன் விற்பனைப் பொருளாகலாம். இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியர் தேடியது வெயிலை அன்று, உதகையின் குளிரை.

இந்தியப் பயணியருள் பெரும்பான்மையோர் மூன்றாம் வகுப்பினர். அவர்கள் கடலுக்குச் சென்றனர். ஆனால் ஓய்வுக்காக அன்று. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின் இராமேசுவரத்திற்கும் தனுஷ்கோடிக்கும் ரயில் நேரடியாகச் சென்றது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் இணைப்பும் அமைந்தது. கடலில் நீராடி முன்னோர்க்குக் கடன் செலுத்தும் பயணிக்குச் சுவரொட்டி தேவையில்லை. பஞ்சாங்கமே அவர்க்கு அழைப்பு. ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் மாசி மகமும் எந்த விளம்பரத் துறையும் பெறாத வீச்சுடையவை. எனவே தமிழ்க் கடற்கரையில் விடுமுறைச் சுவரொட்டி வேரூன்றாமைக்கு விளம்பர முயற்சியின் குறைவு மட்டும் காரணமன்று. கடலுக்குச் செல்லும் காரணங்கள் இங்கு ஏற்கெனவே நிறைந்திருந்தன.

1964 டிசம்பர் 22–23 இரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு வந்த ரயிலையும் கடல் கொண்டது. இன்று அங்குச் சிதைந்து நிற்கும் கட்டடங்கள் சுற்றுலாப் படங்களின் பொருளாகிவிட்டன. பேரிழப்பு நிகழ்ந்த கரையும் உரிய கோணத்தில் எடுக்கப்பட்டால் விடுமுறைக் கரையாகத் தோன்றும். சுவரொட்டி நோக்கின் ஆற்றலும் அறக்குறையும் இதுவே.

தமிழ் மரபில் கடலாடல்

கடற்கரை இன்பம் தமிழர்க்குப் பின்னர் வந்த இறக்குமதி என்று கொள்வது பொருந்தாது. நெய்தலுக்குத் தொல்காப்பிய மரபு வகுக்கும் உரிப்பொருள் இரங்கல், சிறுபொழுது எற்பாடு. சுவரொட்டியின் கரையில் எப்பொழுதும் ஒளிமிக்க நண்பகல். அங்குச் சாயுங்காலம் இல்லை, காத்திருப்பவர் இல்லை, கடலுக்குச் சென்றவர் திரும்புவரோ என்னும் கவலையும் இல்லை. நெய்தல் அக்கவலையையே பாடுபொருளாக்கியது. அதே மரபு கடற்கரைக் களிப்பையும் அறிந்திருந்தது.

பட்டினப்பாலை காட்டும் பரதவர் முழுநிலா நாளில் மீன்பிடிக்கச் செல்லாது, சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, உண்டும் ஆடியும் கடலில் நீராடியும் பொழுதைக் கழிக்கின்றனர். இங்கு விடுமுறை மீனவருக்கே உரியது. ஸ்கெக்னெஸ் மீனவர் பிறர் விடுமுறைக்காகத் துள்ளுகிறார். பட்டினப்பாலையின் பரதவர் தம் விடுமுறையைத் தாமே கொண்டாடுகிறார்.

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை இன்னும் நெருங்கிய ஒப்பீட்டுக்கு இடமளிக்கிறது. இந்திரவிழாவின் இறுதியில் நகரமக்கள் கடலாடப் புறப்படுகின்றனர். கோவலன் அத்திரியிலும் மாதவி வண்டியிலும் செல்கின்றனர். நகரத்திலிருந்து ஊர்தியேறிக் கடற்கரைக்கு ஓய்வுக்காகச் செல்லும் இக்காட்சி, அமைப்பளவில் விடுமுறைப் பயணமே. ஆனால் இளங்கோ காட்டும் கரை வெறுங்கரை அன்று. இரவில் அங்கு ஒளிரும் விளக்குகளை அவர் தனித்தனியே சுட்டுகிறார்: சாந்தும் மலரும் விற்போர் விளக்கு, சிற்றுண்டி விற்போர் விளக்கு, மீன் விற்போர் விளக்கு, வேற்றுமொழியாளர் விளக்கு, வலைஞரின் திமில் விளக்கு, கலங்கரை விளக்கு. கரையின் அழகு அவர்க்கு உழைப்பவர் ஏற்றிய விளக்குகளின் தொகுதியாகவே புலப்படுகிறது. மீன் விற்பவரின் விளக்கை நீக்கினால் அக்காட்சியின் ஒளி குறையும். மேலும் இவ்வின்பப் பயணம் கானல்வரியில் பிரிவாக முடிகிறது. கடல் இன்பத்தை மட்டும் தரும் என்று காப்பியம் வாக்களிக்கவில்லை.

படத்தின் தருக்கம் நிலத்தில்

1881 முதல் 1886 வரை ஆளுநராயிருந்த கிராண்ட் டஃப் சென்னைக் கரையில் உலாவுபாதை அமைத்து, சிசிலியின் பலேர்மோ நகரை நினைந்து அதற்கு மெரினா என்று பெயரிட்டார். ஒரு கரையை மற்றொரு கரையின் படமாகக் காணும் நோக்கு இப்பெயரிடலிலேயே உண்டு. அக்கரையில் மீனவக் குப்பங்கள் இருந்தன, இன்றும் உள்ளன.

1985இன் பிற்பகுதியில் மெரினாவை அழகுபடுத்துவதன் பொருட்டுப் படகுகளையும் வலைகளையும் அகற்ற அரசு முற்பட்டது. மீனவர் எதிர்த்தனர், காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பறிபோயின. 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பம் பகுதியின் இணைப்புச் சாலையிலிருந்த மீன்கடைகளை அகற்றும் நடவடிக்கை மீண்டும் போராட்டத்தைத் தோற்றுவித்தது. போக்குவரத்து, தூய்மை, பொதுமக்கள் வசதி ஆகிய காரணங்கள் முன்வைக்கப்பட்டன. இக்காரணங்கள் அனைத்தும் பொய் என்பது இக்கட்டுரையின் வாதமன்று. நெரிசல் மிக்க நகரத்தில் பொதுவெளி அனைவர்க்கும் வேண்டும். ஆயினும் படகும் வலையும் மீன்கூடையும் ‘அழகுக்கு இடையூறு’ என்று வகைப்படுத்தப்படுவதற்கு, அவை இல்லாத கரையே அழகிய கரை என்னும் முற்கருத்து தேவை. அம்முற்கருத்தைப் பரவலாக்கிய காட்சி வடிவங்களுள் ரயில்வேச் சுவரொட்டி முதன்மையானது. அரசு அலுவலர் எவரும் பர்விஸின் ஓவியத்தைக் கண்டு திட்டம் வகுத்தார் என்று கூறவில்லை. பர்விஸ் காகிதத்தில் செய்த நீக்கத்தை இத்திட்டங்கள் மணலில் செய்ய முயன்றன என்பதே ஒப்பீட்டின் பயன்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். அச்சுவரொட்டிகள் தொழிலாளருக்கு ஓய்வுரிமையின் கனவை அளித்தன. 1871இன் வங்கி விடுமுறைச் சட்டமும் 1938இன் ஊதியத்துடன் கூடிய விடுமுறைச் சட்டமும் அக்கனவுக்கு வழிவகுத்தன. எனவே அவை மக்களாட்சித் தன்மை உடையன என்பது அம்மறுப்பு. இது ஏற்கத்தக்கதே. மூன்று ஷில்லிங்கில் கடல் கண்ட இலண்டன் தொழிலாளியின் மகிழ்ச்சி உண்மையானது. தாம்பரத்திலிருந்து குழந்தைகளுடன் மெரினாவுக்கு வரும் குடும்பத்தின் மாலைப்பொழுதும் அத்தகையதே. ஆனால் ஓர் உழைப்பாளரின் ஓய்வுக்காக மற்றோர் உழைப்பாளரின் தொழிலிடம் மறைக்கப்பட வேண்டுமா என்னும் வினா எஞ்சுகிறது. மெரினாவில் மாலையில் நிற்கும் சுண்டல், பஜ்ஜி, வறுத்தமீன் கடைகளின் விளக்குகள் இவ்விரண்டும் ஒருங்கே நிகழக்கூடும் என்பதற்குக் கண்கூடான சான்று.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. ரயில்வேக் கடற்கரைச் சுவரொட்டி கரையின் குறையைச் சிறப்பாகவும், கரையில் உழைப்பவரை முதலில் சின்னமாகவும் பின்னர் இன்மையாகவும் மாற்றியது. சென்னையில் ‘கடற்கரை’ என்னும் பெயர் நிலையத்திற்கு அமைந்தும், அப்பாதை மக்களை உழைப்பிற்கே கொண்டுசென்றது. நலத்தின் பெயர் தாம்பரத்தருகில் அகநிலத்தில் அமைந்தது. தமிழ்க் கடற்கரையில் வழிபாடும் தொழிலும் விழாவும் ஏற்கெனவே நிறைந்திருந்தமையால் விடுமுறைச் சுவரொட்டி இங்குத் தழைக்கவில்லை. ஆயினும் அதன் நோக்கு அழகுபடுத்தும் திட்டங்களின் வழியே பின்னர் வந்து சேர்ந்தது.

பழைய சுவரொட்டிகளைக் கலையாகப் பயில்வது தேவையே. அவற்றில் இருப்பனவற்றோடு இல்லாதவற்றையும் பயில வேண்டும். பட்டினப்பாலையும் கடலாடு காதையும் இப்பயிற்சிக்குத் தக்க அளவுகோல்களை அளிக்கின்றன. கடற்கரை பற்றிய எந்தப் படத்தையும், எந்தத் திட்டவரைவையும் காணும்பொழுது, மீன் விற்பவரின் விளக்கு அதில் எரிகிறதா என்று நோக்குவது ஆய்வாளர் தொடங்குதற்குரிய இடமாகும்.